ஆந்திரா 2010: வசூலை நிறுத்திய சட்டம், கடனை என்ன செய்தது?

2010 அக்டோபர் 15 அன்று, அப்போதைய ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேச அரசு, ஏழைப் பெண்களுக்குக் குழுவாகச் சிறுகடன் கொடுக்கும் நுண்கடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த ஓர் அவசரச் சட்டம் போட்டது. அதற்கு முந்தின வாரம்வரை குழுக்கடன் வாங்கிய பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது பேர் தவணை தவறாமல் கட்டுகிறார்கள் என்று நிறுவனங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தன. சில மாதங்களில் நூற்றுக்குப் பத்து பேர் கட்டினாலே பெரிய விஷயம் என்று ஆகிவிட்டது. அந்த மாநிலத்தில் மட்டும் ஏழாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் கடன் வெளியே நின்றது.

இந்தக் கதையை இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஏழைப் பெண்களை அரசு காப்பாற்றியது என்பது ஒன்று. அரசியலுக்காக அரசு ஒரு நல்ல தொழிலின் கழுத்தை நெரித்தது என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. என் கணிப்பு வேறு: அரசு தலையிட்டது நியாயம், ஆனால் அதன் கைக்கு எட்டியது வசூல் நடக்கும் இடம் மட்டும்தான். கடன் கொடுக்கும் இடம் அதன் கைக்கு எட்டவில்லை, ஏனென்றால் உரிமம் கொடுப்பது மும்பையில் இருக்கும் ரிசர்வ் வங்கி. கிராமத்துத் தெருவில் யார் யார் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது மாநில அரசுக்குத் தெரிந்தது, உரிமம் அதன் கையில் இல்லை. உரிமம் வைத்திருந்தவருக்குத் தெரு தெரியவில்லை. பதினைந்து வருடம் கழித்து கர்நாடகமும் தமிழ்நாடும் சட்டம் போடும்போதும் இதே சிக்கல்தான் வந்து நின்றது. அதனால்தான் இந்தப் பழைய வழக்கை இவ்வளவு விரிவாகப் பார்க்கிறேன்.

பணம் எப்படி வந்தது

ஆந்திராவில் நுண்கடன் நிறுவனங்கள் வருவதற்கு முன்பே மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ஊர் ஊராக இருந்தன. உலக வங்கியின் உதவியோடு மாநில அரசே குழுக்களை அமைத்து, வங்கிகளோடு இணைத்துக் கடன் வாங்கிக் கொடுத்தது. 2004-இல் ஒய்.எஸ்.ராஜசேகர ரெட்டி ஆட்சிக்கு வந்தபின் "பாவலா வட்டி" என்று ஒரு திட்டமும் வந்தது. பாவலா என்றால் நாலணா. நூறு ரூபாய்க்கு மாதம் கால் ரூபாய், அதாவது வருடத்துக்கு 3 சதவீத வட்டி. ஒழுங்காகக் கட்டினால் அதற்கு மேல் உள்ள வட்டியை அரசு திருப்பிக் கொடுக்கும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வங்கிக் கடன் வர மாதக்கணக்கில் ஆகும், வந்தாலும் பத்துப் பதினைந்து பேருக்குப் பிரிந்துவிடும். பிள்ளைக்கு ஃபீஸ் கட்டவோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ அது நேரத்துக்கு வராது. இந்த இடைவெளிக்குள்தான் எஸ்கேஎஸ், ஸ்பந்தனா, ஷேர், அஸ்மிதா, பேசிக்ஸ் போன்ற நிறுவனங்கள் நுழைந்தன. குழுவாக உட்காரவும், கூட்டாகப் பொறுப்பேற்கவும், வரவு செலவு எழுதவும் பழகிய பெண்கள் தயாராக இருந்தார்கள். அந்தப் பழக்கத்தை உண்டாக்க அரசு செலவு செய்திருந்தது, அதன் மேல் நிறுவனங்கள் வீடு கட்டின.

அவர்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி வங்கிகளிடமிருந்து. வங்கிகள் தங்கள் கடனில் 40 சதவீதத்தை விவசாயம், சிறுதொழில், ஏழைகள் என்று முன்னுரிமைத் துறைக்குக் கொடுக்க வேண்டும் என்று விதி. ஒரு வங்கி மேலாளர் ஆயிரம் பெண்களைத் தேடிப் போவதைவிட, ஒரு நுண்கடன் நிறுவனத்துக்குப் பத்து கோடி கொடுத்துவிட்டு அதையே முன்னுரிமைக் கடன் என்று எழுதிக்கொள்வது எளிது. அப்படித்தான் எழுதிக்கொண்டார்கள். இது விதிமீறல் இல்லை. விதி அப்படித்தான் இருந்தது.

2010-இல் எஸ்கேஎஸ் பங்குச் சந்தைக்கு வந்தது. 1997-இல் விக்ரம் அகுலா ஒரு தொண்டு நிறுவனமாக ஆரம்பித்தது. ஒரு பங்கு 985 ரூபாய் என்று விலை வைத்து, சுமார் 1,650 கோடி திரட்டி, ஆகஸ்டில் பட்டியலிட்டார்கள். ஏழைகளுக்குக் கடன் கொடுப்பதில் இவ்வளவு லாபமா என்று எல்லோரும் திரும்பிப் பார்த்த தருணம் அது. சந்தைக்கு வந்த நிறுவனம் காலாண்டுக்குக் காலாண்டு வளர்ந்து காட்ட வேண்டும். வளர்ச்சி என்றால் புதுக் கிளை, புதுக் கடன், ஏற்கெனவே வாங்கியவருக்கே இன்னும் பெரிய கடன். இந்தியாவின் மொத்த நுண்கடனில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட ஆந்திராவில் மட்டும் குவிந்திருந்தது. ஒரே தெருவில் நாலு கம்பெனி.

வாரம் 225 ரூபாய்

கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பாதுகாப்பு என்று பேசும்போது முதலில் தொலைவது இந்தக் கணக்குதான். 10,000 ரூபாய் கடன், வட்டி பன்னிரண்டரை சதவீதம், 50 வாரம். மொத்தம் திருப்ப வேண்டியது 11,250, வாரத்துக்கு 225. வாங்குபவருக்குச் சொல்லப்படுவது பன்னிரண்டரை. ஆனால் ஒவ்வொரு வாரமும் அசல் குறைந்துகொண்டே வருகிறது, சராசரியாக அவர் கையில் இருப்பது பாதிப் பணம்தான். நிலுவையின் மேல் கணக்கிட்டால் உண்மையான வட்டி 25 சதவீதத்தை ஒட்டி வரும். செயல்பாட்டுக் கட்டணம், காப்பீடு என்று முன்னாலேயே பிடித்தால் அதையும் தாண்டும். இதுதான் ஃபிளாட் வட்டி. பைக் கடன், டிவி கடன் வாங்கியவர்களுக்கும் இந்த வித்தை தெரிந்திருக்கும்.

ஆனாலும் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நூற்றுக்கு மாதம் மூன்று, நான்கு, ஐந்து என்று வாங்கும் உள்ளூர் வட்டிக்காரரோடு ஒப்பிட்டால் இது மலிவு. ஐந்து வட்டி என்றால் வருடத்துக்கு 60. அதனால் "கந்துவட்டியைவிட மோசம்" என்று அன்று பேசப்பட்டது வட்டி விகிதத்தை வைத்துப் பார்த்தால் சரியில்லை. பிரச்சினை விகிதத்தில் இல்லை, வசூல் முறையிலும், எத்தனை பேரிடம் கடன் இருக்கிறது என்று யாரும் பார்க்காததிலும் இருந்தது.

வட்டிக்காரர் ஒரு வாரம் பொறுப்பார், திட்டுவார், அடுத்த வாரம் வட்டியோடு சேர்த்து வாங்கிக்கொள்வார். குழுக்கடனில் அது நடக்காது. ஐந்து பேர் ஒரு குழு, சில குழுக்கள் சேர்ந்து ஒரு சென்டர். ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும், பணம் வரும்வரை கூட்டம் கலையாது. வசூலுக்கு வந்த பையனுக்கும் மேலே ஒரு டார்கெட், கீழே ஒரு சைக்கிளோ பைக்கோ, சம்பளத்தில் பாதி ஊக்கத்தொகை என்று ஒரு நிலைமை. அவன் யாரையும் அடிக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்களே வந்து வாசலில் உட்காருவார்கள், பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போவார்கள், ஊர் கேட்கப் பேசுவார்கள். எந்தக் காவல் நிலையத்திலும் வழக்காகாத ஒரு வன்முறை இது, ஏனென்றால் குற்றவாளி என்று காட்ட கம்பெனி ஆள் அங்கே இருக்கவே மாட்டான்.

இதிலிருந்து தப்பிக்க ஒரே வழி ரொட்டேஷன் விடுவது. திங்கட்கிழமைக் கம்பெனித் தவணைக்கு வியாழக்கிழமைக் கம்பெனியில் கடன். அந்த 99 சதவீத வசூல் எப்படி வந்தது என்பதற்குப் பதில் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. கடன் கிடைத்துக்கொண்டே இருக்கும்வரை எல்லோரும் நல்ல கடனாளிகள்.

எச்சரிக்கை முன்பே வந்ததா என்றால், வந்தது. 2006-இல் கிருஷ்ணா மாவட்டத்தில் இதே புகார்கள் கிளம்பி, மாவட்ட நிர்வாகம் ஸ்பந்தனா, ஷேர் போன்ற நிறுவனங்களின் சுமார் ஐம்பது கிளைகளை மூடியது. பேச்சுவார்த்தை நடந்தது, நிறுவனங்கள் நன்னடத்தை விதிகளை எழுதிக் கையெழுத்துப் போட்டன, கிளைகள் திரும்பத் திறந்தன. நாலு வருடத்தில் கடன் பல மடங்கு ஆனது. அந்த நன்னடத்தை விதியை யார் மேற்பார்வை பார்த்தார்கள்? எழுதிக் கொடுத்தவர்களேதான்.

அவசரச் சட்டத்தில் என்ன இருந்தது

2010-இன் பிற்பகுதியில் கடன் தொல்லையால் தற்கொலை என்ற செய்திகள் வரிசையாக வர ஆரம்பித்தன. எத்தனை சாவு நேரடியாகக் கடனால் நேர்ந்தது என்பதில் அரசும் நிறுவனங்களும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை, ஒரு மாநில அரசு எண்ணிக்கை தீரும்வரை காத்திருக்க முடியாது. அப்போது முதலமைச்சர் கே.ரோசய்யா. (பின்னாளில் 2011 முதல் 2016 வரை நம் ஊர் ஆளுநராக இருந்தவர்தான்.)

சட்டம் சொன்னது இது. ஒவ்வொரு நுண்கடன் நிறுவனமும் ஒவ்வொரு மாவட்டத்திலும் பதிவு செய்ய வேண்டும், பதிவு இல்லாமல் கடன் கொடுக்கவும் கூடாது, வசூலிக்கவும் கூடாது. அடமானம் கேட்கக் கூடாது. வட்டி விகிதத்தை எல்லோருக்கும் தெரியும்படி எழுதிப் போட வேண்டும். வாங்கிய வட்டி மொத்தம் அசலைத் தாண்டக் கூடாது. ஒருவருக்கு அடுத்த கடன் கொடுக்க அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். வீட்டு வாசலில் வசூல் கிடையாது, கிராமப் பஞ்சாயத்து அலுவலகத்தில் வைத்துத்தான் வாங்க வேண்டும், அதுவும் வாரத் தவணை இல்லை, மாதத் தவணை. கட்டாய வசூலுக்கு மூன்று ஆண்டுவரை சிறை அல்லது ஒரு லட்சம்வரை அபராதம். டிசம்பரில் இது சட்டமன்றத்தில் நிறைவேறி நிரந்தரச் சட்டமும் ஆனது.

இதில் பலவும் நல்ல விதிகள். வட்டியை எழுதிப் போடு என்பதையோ வாசலில் உட்காராதே என்பதையோ யார் எதிர்க்க முடியும்? அசலுக்கு மேல் வட்டி கூடாது என்பது நம் பக்கத்தில் நெடுங்காலமாக இருக்கும் நியாயம்தான். எனக்கு உறுத்துவது வேறு இரண்டு இடங்கள். ஒன்று, அடுத்த கடனுக்கு அதிகாரியின் முன் அனுமதி. லட்சக்கணக்கான சிறு கடன்கள் நடக்கும் இடத்தில் ஒரு மாவட்ட அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்து அனுமதி தருவார் என்பது காகிதத்தில் மட்டும் நடக்கும். ஒழுங்குமுறை என்ற பெயரில் எழுதப்பட்ட தடை அது.

இரண்டாவது, நடுவரே ஆட்டக்காரரும் ஆனது. மாநில அரசு தன்னுடைய குழுக்களுக்கு வங்கிக் கடன் கொடுக்கும் திட்டத்தை நடத்தியது, நுண்கடன் நிறுவனங்கள் அதற்குப் போட்டி. சுயஉதவிக் குழுவில் இருக்கும் பெண்ணுக்கு நுண்கடன் கொடுப்பதற்கும் சட்டம் கட்டுப்பாடு வைத்தது. நோக்கம் நல்லதாக இருக்கலாம், ஒரே ஆளுக்கு இரண்டு பக்கமும் கடன் ஏறக் கூடாது என்று. ஆனால் அரசாங்கக் குழுவின் தவணை பாக்கி நிற்பதற்கும் கம்பெனியின் கெடுபிடிக்கும் தொடர்பு இருந்தது, அதிகாரிகளுக்கு அது தெரியும். போட்டியாளரின் கடையைப் பூட்டும் சாவி உங்கள் கையில் இருந்தால் நீங்கள் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் எதிராளி நம்ப மாட்டான், நீதிமன்றத்துக்குப் போவான். போனார்கள்.

அப்புறம் அரசியல். தவணை கட்டாதீர்கள் என்று கட்சிக்காரர்கள் ஊரில் சொல்ல ஆரம்பித்தார்கள். சட்டம் கடனைத் தள்ளுபடி செய்யவில்லை, ஒரு வரிகூட அப்படி இல்லை. ஆனால் ஊருக்குள் போன செய்தி "இனி கட்ட வேண்டியதில்லை". வாராவாரம் வந்த ஆள் வரவில்லை, பக்கத்து வீட்டுப் பெண் கட்டவில்லை, அப்படியானால் நான் மட்டும் ஏன்? கூட்டுப் பொறுப்பு என்ற கயிறு கட்டும்போது எப்படி எல்லோரையும் இழுத்ததோ, அறுந்தபோதும் எல்லோரையும் சேர்த்தே விட்டது. கட்டினால் அடுத்த கடன் வரும் என்ற ஒரே காரணத்துக்காகக் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு, அடுத்த கடன் வராது என்று தெரிந்த நிமிடமே கட்டுவதற்கான காரணமும் போய்விட்டது.

யாருக்கு என்ன ஆனது

நிறுவனங்களைப் பார்ப்போம். 985 ரூபாய்க்கு விற்ற எஸ்கேஎஸ் பங்கு 2012-இல் நூறு ரூபாய்க்கும் கீழே போனது. 2011-12 நிதியாண்டில் அந்த நிறுவனத்தின் நஷ்டம் 1,300 கோடிக்கு மேல். அகுலா 2011 நவம்பரில் விலகினார். ஸ்பந்தனா, ஷேர், அஸ்மிதா போன்றவை வங்கிகளிடம் போய்த் தங்கள் கடனைச் சீரமைத்துக்கொண்டன. வங்கிகளும் வாராக்கடன் என்று எழுதிவிடாமல் அப்படிச் சீரமைக்க ரிசர்வ் வங்கி 2011 ஜனவரியில் தனிச் சலுகை கொடுத்தது. எஸ்கேஎஸ் பெயரை மாற்றிக்கொண்டு மீண்டு, 2019-இல் இண்டஸ்இண்ட் வங்கியோடு இணைந்தது. ஸ்பந்தனாவும் அதே 2019-இல் பங்குச் சந்தைக்கே வந்தது.

சரி, பெண்களுக்கு? கெடுபிடி நின்றது. இது சின்ன விஷயம் இல்லை, கணக்குப் போடுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ராத்திரி கதவு தட்டப்படாத வீட்டின் மதிப்பை எந்த அட்டவணையிலும் எழுத முடியாது. ஆனால் கம்பெனியின் கடனுக்குக் கிடைத்த சீரமைப்பு பெண்ணின் கடனுக்குக் கிடைக்கவில்லை. தள்ளுபடியும் இல்லை, தவணை நீட்டிப்பும் இல்லை, கட்ட நினைத்தவளுக்குக் கட்ட ஆளும் இல்லை. யார் எங்கே கடன் வாங்கினார், ஒழுங்காகக் கட்டினாரா என்று பதிவு வைக்கும் கடன் தகவல் நிறுவனங்கள் நுண்கடனுக்கும் வேலையைத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். ஒரு சட்டம் பாதுகாக்க வந்தது, அந்தப் பாதுகாப்பின் பக்கவிளைவாக லட்சக்கணக்கானவர்கள் தவணை தவறியவர்கள் ஆனார்கள்.

கடன் தேவை மட்டும் எங்கும் போகவில்லை. சென்னையைச் சேர்ந்த ஐஎஃப்எம்ஆர் என்ற ஆய்வு நிறுவனம் 2009-இல் ஆந்திரக் கிராமங்களில் எடுத்த ஆய்வில் நுண்கடன் நிறுவனத்திடம் கடன் வைத்திருந்த வீடுகள் 11 சதவீதம்தான். வட்டிக்காரர், கடைக்காரர், உறவினர், நிலக்காரர் என்று முறைசாரா இடங்களில் கடன் வைத்திருந்தவை 82 சதவீதம். முழு வெளிச்சமும் அந்தப் பதினொன்றின் மேல் விழுந்தது. கம்பெனிக்குப் போர்டு இருக்கிறது, கிளை இருக்கிறது, சந்தையில் பங்கு விலை இருக்கிறது. போர்டு இல்லாத வட்டிக்காரரைத் தேடி நடைமுறையில் யாரும் போகவில்லை. கம்பெனி போன பிறகு அவர் அங்கேயேதான் இருந்தார். அரசு ஒன்றும் சும்மா இருக்கவில்லை. 2011-இல் ஸ்த்ரீ நிதி என்ற கூட்டுறவு அமைப்பை உருவாக்கி, குழுப் பெண்களுக்கு 48 மணி நேரத்தில் கடன் என்று ஆரம்பித்தார்கள். என்னைக் கேட்டால், இந்தக் கதையில் மாநில அரசு செய்த மிகப் புத்திசாலித்தனமான வேலை இதுதான், ஏனென்றால் பெண்கள் ஏன் கம்பெனிக்குப் போனார்கள் என்ற கேள்விக்கு இது மட்டும்தான் பதில் சொன்னது. ஆனால் கம்பெனிகளை நிறுத்துவதற்கு முன்னால் வர வேண்டியது பின்னால் வந்தது.

பாதிப்பு ஆந்திராவோடு நிற்கவும் இல்லை. எமிலி பிரேசா, சிந்தியா கின்னன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு நல்ல கேள்வி கேட்டார்கள்: ஆந்திராவில் பணம் மாட்டிக்கொண்ட கம்பெனிகள் மற்ற மாநிலங்களில் கடன் கொடுப்பதைக் குறைத்தன அல்லவா, அந்த ஊர்களில் என்ன ஆனது? கடன் வற்றிய மாவட்டங்களில் தினக்கூலி குறைந்திருந்தது, வீட்டுச் செலவும் குறைந்திருந்தது. அதாவது குழுக்கடனே வாங்காத கூலிக்காரருக்கும் அடி. இதைப் படித்த பிறகுதான் "கம்பெனி நாசமாகப் போகட்டும்" என்று இருந்த என் பழைய கருத்து கொஞ்சம் ஆட்டம் கண்டது.

ரிசர்வ் வங்கி எழுந்தது

ஆந்திரச் சட்டத்தின் உண்மையான பலன் ஆந்திராவில் நடக்கவில்லை, மும்பையில் நடந்தது. அவசரச் சட்டம் வந்த அதே அக்டோபரில் ஒய்.எச்.மாலேகம் தலைமையில் ரிசர்வ் வங்கி ஒரு குழு அமைத்தது, 2011 ஜனவரியில் அறிக்கை வந்துவிட்டது. டிசம்பர் 2011-இல் நுண்கடனுக்கென்றே வங்கிசாரா நிதி நிறுவனங்களில் (வங்கியாக இல்லாமல், ரிசர்வ் வங்கியில் பதிவு செய்து கடன் கொடுப்பவை) தனி வகை. வட்டிக்கு 26 சதவீத உச்சவரம்பு. ஒருவருக்கு இரண்டு நிறுவனங்களுக்கு மேல் கடன் கொடுக்கக் கூடாது. மொத்தக் கடன் 50,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. வாரத் தவணையா மாதத் தவணையா என்பது கடன் வாங்குபவரின் விருப்பம். கடன் தகவல் நிறுவனத்தில் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

இவற்றை ஆந்திரச் சட்டத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாநிலச் சட்டம் வசூலின் வாசலில் நிற்கிறது, ரிசர்வ் வங்கியின் விதி கடன் கொடுக்கும் வாசலில் நிற்கிறது. இரண்டாவது வாசலில்தான் 2006-லேயே ஆள் போட்டிருக்க வேண்டும். போடாததால்தான் முதல் வாசலில் கோடரி விழுந்தது. ஒரு மாநிலம் அடித்து உடைக்காமல் இருந்திருந்தால் ரிசர்வ் வங்கி இவ்வளவு வேகமாக எழுந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

நாடாளுமன்றத்திலும் 2012-இல் நுண்கடனுக்கு ஒரு மசோதா வந்தது. 2014-இல் நிலைக்குழு அதை ஏற்காமல் திருப்பிவிட்டது, கதை முடிந்தது.

அதிகாரம் யாருடையது

அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலின் 30-ஆவது இனம் கடன் கொடுத்தல், கடன் கொடுப்போர், விவசாயக் கடன் நிவாரணம் பற்றியது. வங்கித் தொழில் ஒன்றியப் பட்டியலில் 45-ஆவது இனம். நுண்கடன் நிறுவனம் கடன் கொடுப்பவரா, வங்கிக்குத் தம்பியா? ஆந்திரா முதலாவது என்றது. ஆந்திர உயர் நீதிமன்றமும் 2013-இல் சட்டம் செல்லும் என்றது, விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது.

திருப்பம் வேறு வழக்கில் வந்தது. கேரளாவின் 1958-ஆம் ஆண்டுக் கடன் கொடுப்போர் சட்டமும் குஜராத்தின் 2011-ஆம் ஆண்டுச் சட்டமும் ரிசர்வ் வங்கியில் பதிவு செய்த வங்கிசாரா நிதி நிறுவனங்களைக் கட்டுப்படுத்துமா என்ற கேள்வி. 2022 மே 10-இல் நெடும்பிள்ளி ஃபைனான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் மூன்றாம் பி அத்தியாயம் அந்த நிறுவனங்களைப் பிறப்பிலிருந்து இறப்புவரை கவனித்துக்கொள்கிறது, ஆகவே மாநிலம் இன்னொரு கட்டுப்பாட்டை மேலே போட முடியாது என்பது சாரம். 2023 பிப்ரவரியில் தெலங்கானா உயர் நீதிமன்றம் இதே வழியில் போய், ரிசர்வ் வங்கியில் பதிவான நிறுவனங்களுக்கு 2010-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது என்றது. நிறுவனங்கள் திரும்ப அந்தப் பக்கம் பார்க்க ஆரம்பித்தன.

சட்ட தர்க்கமாகப் பார்த்தால் தீர்ப்பில் குறை காண்பது கடினம். ஒரே நிறுவனத்துக்கு இருபத்தெட்டு மாநிலங்களில் இருபத்தெட்டு வட்டி உச்சவரம்பு என்றால் யாரும் தொழில் செய்ய முடியாது. ஆனால் "பிறப்பிலிருந்து இறப்புவரை" கவனிப்பவர் தவணை நாள் காலையில் கவனிக்கிறாரா என்பதுதான் கேள்வி. ரிசர்வ் வங்கிக்குக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், 14448 என்ற எண் இருக்கிறது. முதலில் கம்பெனிக்கு எழுத வேண்டும், 30 நாள் பார்க்க வேண்டும், அப்புறம் குறைதீர்ப்பாளர். வாசலில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது யாரும் முப்பது நாள் காத்திருப்பதில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்கோ கலெக்டர் ஆபீஸ் மனுநாளுக்கோதான் ஓடுகிறார்கள், அந்த இரண்டும் மாநில அரசுடையவை. 2017-இல் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்ததை நாம் பார்த்தோம். 2003-லேயே தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சட்டம் இருப்பதும் மனுவை வாங்கியவர் அதைப் படிப்பதும் ஒன்று இல்லை.

மறுபடியும் அதே இடம்

2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி விதிகளை மாற்றியது. வட்டி உச்சவரம்பு போனது, நிறுவனமே வட்டியை முடிவு செய்யலாம், ஆனால் அநியாய வட்டி கூடாது. குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சம்வரை இருந்தால், அடமானமில்லாத கடன் எல்லாம் நுண்கடன். எல்லாக் கடனுக்குமான மாதத் தவணை குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குப் போகக் கூடாது. இருவரும் பேசி முடிவு செய்த இடத்தில்தான் வசூல், தொடர்ந்து இரண்டு தடவை அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். ஆந்திராவின் பஞ்சாயத்து அலுவலக விதியின் நிழல் இதில் தெரிகிறது இல்லையா?

நல்ல விதிகள். ஆனால் வருமானத்தில் பாதி என்கிற கணக்கைப் போடுவது யார்? கடன் கொடுக்கும் கம்பெனியின் களப்பணியாளர். கூலி வேலைக்குப் போகிற வீட்டில் சம்பளச் சீட்டு எது? வருமானத்தைக் கொஞ்சம் கூட்டி எழுதினால் கடன் பாஸ் ஆகும், அவனுக்கு டார்கெட் முடியும், அந்த அம்மாவுக்குப் பணம் கிடைக்கும். அந்த நிமிடத்தில் மூன்று பேருக்கும் சந்தோஷம். 2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கி நான்கு நிறுவனங்களைப் புதுக்கடன் கொடுக்கக் கூடாது என்று நிறுத்தி வைத்தது. அதிகமான வட்டியோடு, குடும்ப வருமானத்தையும் தவணைச் சுமையையும் சரியாக மதிப்பிடாததும் அப்போது சொன்ன காரணங்களில் ஒன்று. பின்னர் தடை விலக்கப்பட்டது. இப்படித் தடுப்பதுதான் சரியான வாசலில் நிற்பது. கடன் கொடுப்பதை நிறுத்தினார்கள், ஏற்கெனவே உள்ள கடனை வசூலிப்பதைத் தடுக்கவில்லை, அதனால் ஊர் முழுக்கத் தவணை நின்றுபோகவும் இல்லை.

மாநிலங்களும் ஆந்திராவிடம் பாடம் படித்திருக்கின்றன. அசாம் 2020-இல் சட்டம் போட்டபோது ஏறக்குறைய ஆந்திரப் பாதையிலேயே போனது. 2025 பிப்ரவரியில் கர்நாடகம் கொண்டுவந்த அவசரச் சட்டத்தை ஆளுநர் முதலில் திருப்பி அனுப்பினார், அப்புறம் கையெழுத்துப் போட்டார். பெயரிலேயே மாற்றம் தெரியும்: கடன் கொடுப்பதை ஒழுங்குபடுத்தும் சட்டம் இல்லை, கட்டாய நடவடிக்கைகளைத் தடுக்கும் சட்டம். பத்தாண்டுவரை சிறை, ஐந்து லட்சம்வரை அபராதம். சில மாதங்களில் தமிழ்நாடும் கட்டாய வசூல் தடுப்புக்கென்றே தன் சட்டத்தை நிறைவேற்றியது. 2022 தீர்ப்புக்குப் பிறகு மாநிலம் நிற்கக்கூடிய இடம் இதுதான் என்று தோன்றுகிறது. வட்டி எவ்வளவு, யாருக்கு எத்தனை கடன் என்பதெல்லாம் உங்கள் பாடு, ஆனால் எங்கள் ஊர்த் தெருவில் மிரட்டினால் அது எங்கள் குற்றவியல் விஷயம்.

இதை நான் வரவேற்கிறேன், ஒரு குறையோடு. மிரட்டல் என்று நிரூபிக்கக் கம்பெனி ஆள் மிரட்ட வேண்டும். குழுக்கடனில் மிரட்டுவது பக்கத்து வீட்டுக்காரி. அவள் போட்டுக் கட்டிய 500 ரூபாய் அவளுக்குத் திரும்ப வேண்டும், அதற்காகத்தான் வாசலுக்கு வந்து சத்தம் போடுகிறாள், அவளும் அதே சென்டரில் கடன் வாங்கியவள். இந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டு வருகிற இன்ஸ்பெக்டர் யார் மேல் வழக்கு எழுதுவார்? 2010-இல் ஆந்திராவில் கேட்க ஆளில்லாத கேள்வி இது, 2025-இன் சட்டங்களும் இதைத் தொடவில்லை. கூட்டுப் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் எவ்வளவுதூரம் எழுதலாம், ஒருத்தியின் தவணையை இன்னொருத்தியிடம் அதே நாளில் கேட்கலாமா என்பதை ரிசர்வ் வங்கிதான் எழுத முடியும், மாநிலம் எழுத முடியாது.